யார் கேட்டு வந்தவை

டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலில் ஒரு வெளியீட்டிலிருந்து அடுத்ததற்கு ஏறி முடித்ததும் முனையத்தில் ஒரு பட்டியல் வந்து விழும். கீழ்க்கண்ட பொதிகள் தானாக நிறுவப்பட்டவை, இனித் தேவையில்லை என்று ஒரு வரி. அதன் கீழே அகரவரிசையில், நிறுத்தற்குறி எதுவும் இல்லாமல், திரையின் அகலத்தை நிரப்பிக்கொண்டு பெயர்கள். பெரும்பாலும் ‘லிப்’ என்று தொடங்கும் நூலகங்கள், வாலில் ஒரு பதிப்பெண். அதற்குமுன் வெகுநேரம் ஓடிய வரிகளின் களைப்பு கண்ணில் இருக்கும். மேன்-டிபி தன் கையேட்டுப் பக்கங்களை மறுபடி அடுக்கும்போது வரும் நீண்ட தேக்கம், இனிட்ராம்எஃப்எஸ் கட்டப்படும்போது விசிறி எழுப்பும் இரைச்சல், பழைய அமைப்புக்கோப்பை வைத்துக்கொள்ளவா புதியதைப் போடவா என்று நடுவில் நின்று கேட்கும் கேள்விகள் எல்லாம் ஓய்ந்து, கணினி புதிய பெயரில் எழுந்து உட்கார்ந்திருக்கும். அந்த நேரத்தில் இந்தப் பட்டியல். ஆட்டோரிமூவ் என்று ஒரு சொல்லைத் தட்டி, ஒய் என்று ஓர் எழுத்தை அழுத்தினால் அத்தனையும் போய்விடும். வட்டில் இத்தனை மெகாபைட் விடுபடும் என்று கணக்கும் சொல்லும். எல்லோரையும்போல நானும் அழுத்திவிடுவேன். ஆனாலும் யாருக்குத் தேவையில்லை என்ற கேள்வி எனக்குள் தீராமல் கிடக்கிறது. அவை தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. தேவை என்றும் ஒருநாளும் சொன்னதில்லை. அவை வந்ததே எனக்குத் தெரியாது.

டெபியனில் பொதிகளை நிர்வகிக்கும் ஆப்ட் இதை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதில் மர்மம் ஒன்றுமில்லை. நிறுவப்பட்ட ஒவ்வொரு பொதியும் நாம் பெயர் சொல்லிக் கேட்டு வந்ததா, வேறொன்றின் பொருட்டு வந்ததா என்று அது குறித்துவைக்கிறது. இரண்டாவது வகையின் பெயர்கள் எக்ஸ்டெண்டட் ஸ்டேட்ஸ் என்ற ஒரு சாதாரண உரைக்கோப்பில் ஏறுகின்றன. தானாக வந்தது என்பதற்கு அடையாளம் ஒரு 1. கல்யாணத்துக்கு நாம் அழைத்தவர் ஒருவர், அவரோடு வந்தவர் இருவர், அந்த இருவரோடு வந்தவர் நால்வர். பந்தியில் எல்லோரும் ஒன்றாகத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், ஆனால் யார் யாரால் வந்தார் என்பது வாசலில் எழுதப்பட்டிருக்கிறது. நாம் கேட்டவற்றில் தொடங்கி, அவை சார்ந்திருப்பவை, அந்தச் சார்ந்தவை சார்ந்திருப்பவை என்று ஆப்ட் நூல்பிடித்துப் போகிறது. அந்த நடையில் கால்படாதது எதுவோ அது பட்டியலில் விழுகிறது. சார்பிலும் தரம் உண்டு: கண்டிப்பாக வேண்டும், இருந்தால் நல்லது, வேண்டுமானால் பார்த்துக்கொள். மூன்றாவது தரத்தில் சுட்டப்படுவதை ஆப்ட் தானாக நிறுவுவதே இல்லை. ஆனால் ஏற்கெனவே வந்துவிட்ட ஒரு பொதியை ஏதோ ஒன்று அந்த மூன்றாவது தரத்தில் சுட்டினால்கூடப் போதும், அதைக் கழிக்காமல் விட்டுவிடுகிறது. வரவழைக்கப் போதாத சிபாரிசு, இருக்கவைக்கப் போதுமானதாகிவிடுகிறது. இந்த இயல்பிருப்பை எழுதியவர் மனிதர்களையும் கொஞ்சம் அறிந்தவராகத்தான் இருந்திருக்க வேண்டும்.

மறுபக்கம், நாம் கேட்டவை. ஆப்ட்-மார்க் என்ற கட்டளையிடம் அந்தப் பட்டியலைக் காட்டச் சொன்னால் முதல் வியப்பு, அதில் பலவற்றை நாம் கேட்டதே இல்லை என்பது. கணினியை அமைத்த நாளில் நிறுவி நிரல் தன் போக்கில் வைத்தவை பலவும் நம் விருப்பக் கணக்கில் எழுதப்பட்டிருக்கும். மீதியில் என்றோ ஒரு மாலையின் தேவைகள் இருக்கும். இப்போது வீட்டில் இல்லாத ஸ்கேனருக்கான இயக்கி, குறுந்தகட்டிலிருந்து பாட்டைப் பிரித்தெடுக்கும் நிரல், யாரோ அனுப்பிய வினோதமான கோப்பு ஒன்றைத் திறப்பதற்காக மட்டும் இறக்கிய ஏதோ ஒன்று. அந்தக் கோப்பில் என்ன இருந்தது என்பது மறந்துவிட்டது. வேண்டும் என்று ஒருமுறை சொன்னதற்குக் காலாவதி கிடையாது என்று கணினி நினைக்கிறது. எனவே அந்த நிரலும் அது இழுத்து வந்த பதினைந்து நூலகங்களும் வெளியீடு மாறி வெளியீடு கூடவே ஏறி வருகின்றன, ஒவ்வொரு முறையும் புதிதாக இறக்கப்பட்டு, புதிதாக நிறுவப்பட்டு. நேற்று வரை தினமும் ஓடிக்கொண்டிருந்த நூலகமோ, அதை அழைத்துவந்த பெயர் மாறிய ஒரே காரணத்தால் வெளியே நிற்கிறது. உழைப்புக்கும் இருப்புக்கும் இங்கே தொடர்பில்லை, அழைப்புக்கும் இருப்புக்கும்தான். எத்தனை முறை இயக்கப்பட்டது என்பதை அந்தக் கோப்பு குறித்துக்கொள்வதில்லை.

இன்னொரு பட்டியலும் உண்டு. இதைக் கேட்டால்தான் வரும், தானாக வராது. நம் கணினியில் இருக்கிறது, ஆனால் நாம் காட்டியிருக்கும் எந்தக் களஞ்சியத்திலும் இப்போது இல்லை என்ற வகை. ஆப்டிடியூட் என்ற பழைய இடைமுகம் இவற்றை ஒரு தனித் தலைப்பின் கீழ் அடுக்கிக் காட்டும். முதல் பட்டியல் உள்ளே யாரும் கேட்கவில்லை என்கிறது. இது வெளியே யாரும் வைத்திருக்கவில்லை என்கிறது. இரண்டும் இரண்டு வேறு தீர்ப்புகள். இரண்டையும் ஒரே பையில் போட்டு ‘பழசு’ என்று கட்டிவிடும் பழக்கத்தில்தான் என் சங்கடத்தின் வேர் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 தன் அறிவிப்பில் 6,296க்கு மேற்பட்ட பொதிகள் வழக்கொழிந்தவை என்று நீக்கப்பட்டதாகச் சொன்னது. 2025 ஆகஸ்ட் 9 அன்று வந்த 13இல் அந்த எண் 8,840ஐத் தாண்டியது. எஞ்சியும் சேர்ந்தும் நின்றவை 69,830. எண்களாகப் பார்த்தால் இது இயற்கையான உதிர்வு. ஆனால் இவற்றில் பல நீக்கங்களுக்குப் பின்னால் ஒருவர் எழுதிய ஒரு வேண்டுகோள் இருக்கிறது. வழுப்பதிவில் அது எல்லோரும் படிக்கும்படி நிற்கிறது, காரணத்தோடு: மூல ஆசிரியர் கைவிட்டுவிட்டார், வெளியீட்டைத் தடுக்கும் வழு தீரவில்லை, மாற்று வந்துவிட்டது, பயனர் குறைவு. பல வேளைகளில் பொதியைப் பராமரித்தவரே அதை எழுதியிருப்பார், ஒற்றை வரியில்.

பயனர் குறைவு என்பதை எப்படி அறிகிறார்கள்? டெபியனில் பாப்கான் என்று ஒரு கணக்கெடுப்பு உண்டு. நிறுவும்போது பங்கேற்க விருப்பமா என்று கேட்கும். இயல்பான விடை இல்லை என்பதுதான், பெரும்பாலானோர் அப்படியே தாண்டிவிடுவோம். ஆம் என்றவர்களின் கணினி வாரம் ஒருமுறை தன் பொதிகளின் பெயர்களை அனுப்புகிறது. அதில் வெறுமனே நிறுவப்பட்டிருப்பது வேறு, பயன்படுத்தப்படுவது வேறு என்று பிரித்துக் காட்டுவார்கள். பயன்பாட்டை அளப்பது எளிய வழியில்: பொதிக்குள் இருக்கும் நிரல் கோப்பு கடைசியாக எப்போது படிக்கப்பட்டது என்று கோப்பு முறைமை வைத்திருக்கும் நேரக்குறிப்பைப் பார்க்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு முறை படிக்கும்போதும் அந்த நேரத்தை எழுதுவது வட்டுக்குச் சுமை என்று, 2009இல் வந்த 2.6.30 கர்னலிலிருந்து அது சிக்கனமாகத்தான் எழுதப்படுகிறது. சிலர் அதை அடியோடு நிறுத்தியும் வைத்திருப்பார்கள். கணக்கில் வர விரும்பாதவர்கள், வலைத்தொடர்பே இல்லாத கணினிகள், ஆண்டுக்கு ஒருமுறை வருமானவரிக் கணக்குக்காக மட்டும் ஒரு நிரலைத் திறப்பவர்கள் எல்லோரும் இந்த வலையின் கண்களில் நழுவிப்போகிறார்கள். குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. கேட்காமல் கண்காணிக்காத நாகரிகம் டெபியனுக்கு இருக்கிறது, அதற்கு விலையாகத் தன் பயனர்களில் பெரும்பகுதியை அது அறியாமலே இருக்கிறது. யாருக்கும் வேண்டாம் என்று நாம் சொல்லும்போது அந்த ‘யாரும்’ என்பவர், வாய் திறந்து சொன்னவர்களில் யாரும் என்றுதான் பொருள்படும்.

வழக்கொழிதல் என்பது ஒப்பிட்டுப் பார்ப்பதால் மட்டுமே நிகழ்கிறது என்பதை யோசித்தால் இன்னும் விசித்திரமான இடத்துக்கு வந்து சேர்கிறோம். எத்தனையோ ஆண்டுகளாக வெளியீடு மாறாத ஒரு கணினியை எடுத்துக்கொள்ளுங்கள்; அலுவலக மூலைகளில், பள்ளி ஆய்வகங்களில் அப்படிப்பட்டவை ஓடிக்கொண்டிருக்கின்றன. அதனிடம் வழக்கொழிந்த பொதிகள் எவை என்று கேட்டால் ஒன்றுமில்லை என்றுதான் சொல்லும். அது தன் காலத்துக் களஞ்சியத்தின் பட்டியலோடுதானே தன்னை ஒப்பிடுகிறது. அந்தக் களஞ்சியம் முகவரி மாறி, ஆவணக் காப்பகத்துக்குப் போயிருக்கும். புதுப்பிக்க முயன்றால் கோப்பு கிடைக்கவில்லை என்ற பிழைகள் வரும். அதன்பின், கிடைக்காதவற்றை விட்டுவிட்டேன், அல்லது பழையவற்றையே பயன்படுத்திக்கொண்டேன் என்று ஆப்ட் அடக்கமாக ஒரு வரி சொல்லும். அந்தப் பழைய பட்டியலின்படி எல்லாம் ஒழுங்கு. ஒரு பொதிகூடக் காலம் கடந்ததில்லை. மேம்படுத்துகிறவனுக்கு மட்டுமே குப்பை தெரிகிறது. மேம்படுத்தாதவன் வீடு அவனுடைய கணக்கில் சுத்தமாகவே இருக்கிறது. இருவரில் யாருடைய கணினி ஆபத்தில் இருக்கிறது என்று சொல்லத் தேவையில்லை.

ஆபத்து என்ற சொல் வந்துவிட்டதால் ஒரு பெயரைச் சொல்ல வேண்டும்: லிப்எஸ்எஸ்எல் 1.1. வலையில் நாம் பூட்டுக்குறியோடு பார்க்கும் பல தொடர்புகளுக்கு அடியில் வேலை செய்யும் மறையாக்க நூலகம் ஓப்பன்எஸ்எஸ்எல்; டெபியன் 11இல் அது இந்தப் பெயரில் இருந்தது. 12இல் லிப்எஸ்எஸ்எல் 3 வந்தது. ஓப்பன்எஸ்எஸ்எல் திட்டம் 1.1.1 வரிசைக்கான பொது ஆதரவை 2023 செப்டம்பர் 11 அன்று முடித்துக்கொண்டது. 11லிருந்து 12க்கு ஏறிய கணினியில் பழையது என்ன ஆகும்? எல்லா நிரல்களும் புதியதற்கு மாறியிருந்தால் அது முதல் பட்டியலில் விழுந்து, ஒய்யோடு போய்விடும். ஆனால் டெபியனுக்கு வெளியே ஏதோ ஒரு நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கி நிறுவிய ஒரே ஒரு நிரல் அதைப் பிடித்துக்கொண்டிருந்தாலும் போதும், அது தேவையான பொதி. ஆட்டோரிமூவ் அதைத் தொடாது. தொடக் கூடாது என்பதுதான் அதன் ஒழுக்கம். நாளை அதில் ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் திருத்தம் டெபியன் 12இன் வழியே வந்துசேராது. அது உள்ளே இருப்பதும், அதை ஒரு நிரல் நாள்தோறும் அழைப்பதும், அதை வெளியே யாரும் கவனிக்காததும் ஒரே நேரத்தில் உண்மை. முதல் பட்டியலைத் துடைத்துவிட்டு மனநிறைவோடு எழுந்து போகிறவர் கண்ணில் இது படாது. யாருக்கும் தேவைப்படாத பொதியால் பெரிய தீங்கில்லை, கொஞ்சம் வட்டிடம் வீண். தேவைப்படுகிற, ஆனால் யாரும் பார்த்துக்கொள்ளாத பொதிதான் அஞ்ச வேண்டியது. துப்புரவு என்ற பெயரில் நாம் செய்வது பெரும்பாலும் தீங்கற்றதைத் துரத்துவதாக இருக்கிறது.

இதற்கு நேர்த் தலைகீழான ஒன்றும் இருக்கிறது. டெபியன் 12இல் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் பதிப்பு 15, 13இல் 17. மேம்படுத்தினால் 17 தானாக வரும், தனக்கென்று வெற்றான ஒரு தரவுத்தொகுதியை அமைத்துக்கொண்டு, வழக்கமான 5432ஆம் துறையில் பழையது உட்கார்ந்திருப்பதால் அடுத்த எண்ணில் அமரும். நம் தரவெல்லாம் 15க்குள். கணக்குகள், நோயாளிப் பதிவுகள், நூலகப் பட்டியல்கள், எதுவானாலும். தரவை நாம்தான் ஒரு தனிக் கட்டளையால் புதியதற்கு மாற்ற வேண்டும். அதுவரை பதிப்பு 15 எல்லா அளவுகோலின்படியும் கழிவுதான்: களஞ்சியத்தில் இல்லை, அதை அழைத்துவந்த ‘போஸ்ட்கிரெஸ்க்யூஎல்’ என்ற பொதுப்பெயர் இப்போது 17ஐக் கைகாட்டுகிறது. சார்பு நூலைப் பிடித்துப் போனால் கால்படாது. ஆனால் அதை நீக்கினால் தரவுக் கோப்புகள் வட்டில் கிடக்கும், திறக்க ஆள் இருக்காது. இதை முன்கூட்டியே உணர்ந்த டெபியன் பராமரிப்பாளர்கள், போஸ்ட்கிரெஸ் பொதிகளைத் தானாக ஒருபோதும் நீக்காதே என்று ஆப்டின் அமைப்பு அடைவில் ஒரு சிறு கோப்பை வைத்திருக்கிறார்கள். ஏன் என்பதை அந்தக் கோப்பின் தலையிலேயே குறிப்பாகவும் எழுதியிருக்கிறார்கள். கர்னலுக்கும் இப்படி ஒரு விலக்கு உண்டு; இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கர்னலைக் கழிவுக் கணக்கில் சேர்ப்பதில்லை. சார்புகளின் தருக்கம் எவ்வளவு நேர்த்தியானதாக இருந்தாலும், பொருள் எங்கே இருக்கிறது என்பதை அதனால் அறிய முடியாது. அதை ஒரு மனிதர் கைப்பட எழுதித்தான் காட்ட வேண்டியிருக்கிறது.

எழுதிக் காட்டினாலும் படிக்கிறோமா என்பது வேறு. 2021 நவம்பரில் வெளிவந்த காணொளி ஒன்றில் கனடா நாட்டு யூட்யூபர் லைனஸ் செபாஸ்டியன், ஆப்டையே பயன்படுத்தும் பாப் ஓஎஸ் என்ற லினக்ஸ் வழங்கலில் ஸ்டீம் விளையாட்டுத் தளத்தை நிறுவப் போனார். களஞ்சியத்தில் இருந்த ஒரு சார்புக் குளறுபடியால் அது மேசைத்தளச் சூழலையே நீக்கச் சொன்னது. ஆபத்தான காரியம் என்று எச்சரித்து, உறுதியாகத்தான் கேட்கிறீர்கள் என்றால் ‘ஆம், நான் சொல்கிறபடி செய்’ என்ற பொருள்படும் ஒரு வாக்கியத்தை முழுதாகத் தட்டச்சு செய்யும்படி ஆப்ட் கேட்டது. அவர் தட்டினார். திரை போயிற்று. பின்னர் ஆப்டின் ஆசிரியர்கள் அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டார்கள். அடிப்படைப் பொதியை நீக்க இப்போது அதற்கென்றே உள்ள தெரிவை முன்கூட்டியே வெளிப்படையாகக் கொடுக்க வேண்டும். ஒரு வாக்கியத்தைக் கையால் எழுதவைத்தால் மனிதன் நின்று யோசிப்பான் என்று நம்பி வைத்த கதவு அது. நீக்கப்படுபவை என்ற தலைப்பின் கீழ் அத்தனை பெயர்களும் திரையிலேயே இருந்தன. பட்டியல் நீளமாக நீளமாக நாம் படிப்பது குறைகிறது, ஒப்புவது கூடுகிறது.

பெயர்களை மட்டுமே பார்ப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 13க்கு ஏறியவர்கள் பார்த்திருப்பார்கள், நூற்றுக்கணக்கான நூலகங்கள் தம் வாலில் டி64 என்ற ஒட்டோடு வந்தன. லிப்எஸ்எஸ்எல் 3 என்பது லிப்எஸ்எஸ்எல் 3டி64 ஆயிற்று, பழைய பெயர்கள் கழிந்தன. காரணம் 2038. நேரத்தை 32 பிட்டில் எண்ணும் கணினிகளுக்கு அந்த ஆண்டு ஜனவரி 19 அன்று, இந்திய நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடியோடு எண் தீர்ந்துபோகிறது. அதற்காக 32 பிட் கட்டமைப்புகளில் நேரத்தை 64 பிட்டாக விரித்தார்கள். பெயர் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்பதால் எல்லாக் கட்டமைப்பிலும் பெயரை மாற்றினார்கள். என்னுடையதைப் போன்ற 64 பிட் கணினியில் நேரத்தைப் பொறுத்தவரை உள்ளே எதுவும் மாறவில்லை. ஆனால் இந்த மாற்றத்திலிருந்து ஐ386 என்ற பழைய இன்டெல் கட்டமைப்பை மட்டும் வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். அதன் எஞ்சிய வேலை, மூலநிரல் கிடைக்காத பழைய நிரல்களை ஓட்டுவது. நேரத்தை விரித்தால் அவை உடைந்துபோகும். எனவே அது 2038இல் நின்றுபோகும் என்று தெரிந்தே, பழையவற்றுக்குத் துணையாக அப்படியே வைக்கப்பட்டிருக்கிறது. 13இல் அதற்குத் தனி நிறுவியும் இல்லை, கர்னலும் இல்லை. முடிவு தேதி தெரிந்த ஒன்றை அதன் நண்பர்களுக்காக வைத்திருப்பது பொறியியல் முடிவுதான். ஆனால் பொறியியல் மட்டும்தானா என்று எனக்குச் சந்தேகம்.

தமிழ் படிக்கிறவர்களுக்கு நெருக்கமான ஓர் உதாரணம் இதே கணினிகளுக்குள் கிடக்கிறது. லினக்ஸின் சி நூலகத்தோடு எழுத்துக் குறியாக்கங்களை மாற்றித்தரும் சிறு தொகுதிகள் வருகின்றன. அவற்றில் ஒன்றின் பெயர் டிஸ்கி. யூனிகோடு பரவுவதற்கு முன், தொண்ணூறுகளின் இறுதியிலும் அடுத்த சில ஆண்டுகளிலும், தமிழ் மின்னஞ்சல் குழுக்களும் மதுரைத் திட்டத்தின் தொடக்ககால மின்னூல்களும் பயன்படுத்திய 8 பிட் குறியாக்கம் அது. கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்தைச் சேமிக்கும். ‘கொ’ என்றால் ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என்று மூன்று துண்டாக. யூனிகோடுக்கு மாற்றும்போது கொம்பைத் தூக்கி ககரத்துக்குப் பின்னால் வைக்க வேண்டும். இந்த நுட்பத்தையெல்லாம் உள்ளடக்கிய மாற்றியை 2002இல் ஜெர்மானியரான புரூனோ ஹைபிள் எழுதிச் சேர்த்தார். அன்றிலிருந்து, ஒரு தமிழ் எழுத்தைக்கூட ஒருநாளும் காட்டாத எண்ணற்ற வழங்கிகளுக்குள்ளும் அது போய்ச் சேர்ந்திருக்கிறது. யார் கேட்டார்கள்? ஏறக்குறைய யாரும் கேட்கவில்லை. எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணினால் வெட்கப்படும்படியான ஓர் எண்தான் வரும். அது நிலைத்திருப்பது, கழிக்க முடியாத ஒன்றின் துணையாக வருவதால். ஆனால் சில வழங்கல்கள் இத்தகைய அரிய மாற்றிகளைத் தனிப் பொதியாகப் பிரிக்கத் தொடங்கியிருக்கின்றன. தனிப் பெயர் கிடைத்த கணமே, இது தேவையா என்ற கேள்விக்கும் அது ஆளாகிவிடும். என் பழைய கோப்புகளில் சில இன்னும் டிஸ்கியில் இருக்கின்றன. ஐகான்வ் கட்டளையை ஏவினால் குப்பையாகத் தெரிந்த குறிகள் ஒரே நொடியில் தமிழாக எழுந்து நிற்கின்றன. யாருடைய கணக்கெடுப்பிலும் வராத பயன்பாடு இது.

பார்த்துக்கொள்பவர் பக்கம் திரும்பினால், 2024 மார்ச் 29 அன்று வெளிப்பட்ட எக்ஸ்இசட் விவகாரத்தை மறக்க முடியாது. கோப்புகளைச் சுருக்கும் அந்த நூலகத்தை யாரும் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. எல்லாக் கணினியிலும் இருக்கும். டெபியனில், தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் எஸ்எஸ்எச் சேவை தான் எழுந்துவிட்டதைத் தெரிவிக்க லிப்சிஸ்டம்டி என்ற நூலகத்தைத் தொடுத்திருந்தது; லிப்சிஸ்டம்டி இதைத் தொடுத்திருந்தது. அந்த இரண்டு கண்ணி வழியே பின்கதவு நுழைந்தது. பல ஆண்டுகள் அதைச் சம்பளமின்றி, ஏறக்குறைய தனியாளாகப் பராமரித்த லாஸ்ஸே காலின், தன் மனநலச் சிரமத்தையும் நேரமின்மையையும் மடற்குழுவில் சொன்ன காலத்தில் உதவிக்கொண்டிருந்தவர்தான் பின்கதவை வைத்தவர். உள்நுழைவில் அரை நொடித் தாமதம் ஏன் என்று விடாமல் நோண்டி இதைக் கண்டுபிடித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட், போஸ்ட்கிரெஸ் நிரலாளர். அப்போது அதன் வேகத்தைத்தான் அளந்துகொண்டிருந்தார். அந்த நாளில் பாதிக்கப்பட்ட எந்தக் கணினியைக் கேட்டிருந்தாலும் எக்ஸ்இசட் தேவையான பொதி, களஞ்சியத்தில் உள்ள பொதி, புத்தம்புதிய பொதி. இரண்டு பட்டியலிலும் அது வந்திருக்காது. அதற்குப் பின்னால் இருந்த ஒரு மனிதரின் களைப்பை எந்தக் கட்டளையும் காட்டவில்லை.

ஆகவே என் தீர்ப்பு இதுதான். மேம்படுத்தலுக்குப் பிறகு வரும் முதல் பட்டியலை அழித்துவிடுங்கள், ஆனால் படித்துவிட்டு. அதில் தரவுத்தளத்தின் பெயரோ கர்னலின் பெயரோ கண்ணில் பட்டால் நில்லுங்கள். இரண்டாவது பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். கவலைப்பட வேண்டியவை அதில்தான் இருக்கின்றன. நீக்கினால் இழந்துவிடுவோமோ என்ற பயம் வேண்டாம், 2005 முதல் டெபியனில் நுழைந்த பொதிகளின் பதிப்புகளை ஸ்னாப்ஷாட் காப்பகம் தேதிவாரியாக வைத்திருக்கிறது. மூன்றாவது ஒரு பட்டியலும் இருக்கிறது, இயல்பாக அது நம் கணினியில் வருவதில்லை. ஹௌ-கேன்-ஐ-ஹெல்ப் என்ற சிறு பொதியை நிறுவினால், நீங்கள் பயன்படுத்துபவற்றில் எவற்றுக்குப் பராமரிப்பாளர் இல்லை என்று ஒவ்வொரு நிறுவலின் முடிவிலும் சொல்லும். பராமரிப்பாளர் விட்டுச் சென்ற பொதிகள் டெபியனின் தரக்குழு பெயரில் நிற்கின்றன, எடுத்துக்கொள்ள ஆள் வரும்வரை. நிரலெழுதத் தெரிந்த நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள்: உங்கள் கணினியில் உள்ள ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு டெபியன் உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. எடுத்துக்கொள்கிறேன் என்று வழுப்பதிவில் எழுதி, பொதியைச் சீர்செய்து வைத்தால், உறுப்பினர் ஒருவர் சரிபார்த்துக் களஞ்சியத்தில் ஏற்றிவிடுவார்.